பாக்கெட்டும் கையுமாக ஓடுங்கள்

கரப்பானுக்கென்று அடுக்களை மூலையில் வைக்கும் ஜெல் கடுகளவுதான். அதை நக்கிய கரப்பான் செத்துப்போகும்; செத்ததைத் தின்ற கரப்பானும் சாகும். அந்த ஜெல் குழாயை ஒரு லாப்ரடார் கடித்துப் பிய்த்து முழுதாக நக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வாலாட்டிக்கொண்டு நிற்கலாம். இன்னொரு வீட்டில் கொசுவிரட்டி ரீஃபில் பாட்டிலைக் கடித்து ஒரு மடக்கு விழுங்கிய நாய், அன்றிரவே மூச்சிரைத்துப் படுத்துவிடலாம். உண்ணிக்காக நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகளில் சில, அதே வீட்டுப் பூனையின் மேல் பட்டால் பூனைக்கு வலிப்பு கண்டு உயிரே போகலாம். இத்தனையையும் பூச்சி மருந்து என்ற ஒரே பெயரில்தான் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறோம்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால், அவசரத்தில் எதைச் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பது தானாக விளங்கும். ஆனால் இதைப் படிக்கும்போதே உங்கள் நாய் எதையோ தின்றுவிட்டு நிற்கிறது என்றால், விளக்கம் அப்புறம் இருக்கட்டும். கடித்துப் போட்ட பாக்கெட்டைக் கிழிசல் உட்படப் பொறுக்கி ஒரு கவரில் போடுங்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, பாக்கெட்டில் உள்ள மருந்தின் பெயர், நாயின் எடை, தின்று எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற மூன்றையும் சொல்லுங்கள். அவர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிளம்புங்கள்.

இனி விளக்கத்துக்கு வருவோம். நரம்பிழையின் சுவர் நெடுகிலும் புரதத்தால் ஆன நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அயனி வாயில்கள் எனலாம். அயனி என்பது மின்னூட்டம் ஏறிய அணு. சோடியம் அயனிக்கான வாயில் திறந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது, அந்த இடத்தின் மின்னழுத்தம் மாறுகிறது, அந்த மாற்றம் பக்கத்து வாயிலைத் திறக்கிறது. சேதி இப்படித்தான் நகர்கிறது. திறந்த வாயில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு வினாடியில் தானே மூடிக்கொள்ள வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறப்பது எவ்வளவு முக்கியமோ, நேரத்துக்கு அடைப்பதும் அவ்வளவு முக்கியம். அடைக்காத மடை பயிரை அழுகவைத்துவிடும். வீட்டில் புழங்கும் பூச்சி மருந்துகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வழியில் இந்த அடைக்கும் வேலையைத்தான் கெடுக்கின்றன.

கொசுவத்தி, ரீஃபில் திரவம், கரப்பான் ஸ்ப்ரே, எறும்புக்குக் கோடு கிழிக்கும் சாக்பீஸ் இவற்றில் அநேகமாக இருப்பது பைரித்ராய்டு என்ற கூட்டம். சாமந்திக்கு உறவான ஒரு வெள்ளைப் பூவில் இயற்கையாக இருக்கும் பைரித்ரின் என்ற நஞ்சைப் பார்த்து வேதியியலர்கள் செய்தவை இவை. 1949ல் அலெத்ரின் வந்தது. 1970களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு பெர்மெத்ரினையும் டெல்டாமெத்ரினையும் உருவாக்கியது. லேபிளில் உள்ள பெயர் ‘த்ரின்’ என்று முடிந்தால் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்: சைபர்மெத்ரின், பிராலெத்ரின், டிரான்ஸ்ஃப்ளூத்ரின், இமிப்ரோத்ரின்.

இவை சோடியம் மடையை அடைய விடாமல் பிடித்துக்கொள்கின்றன. இது எப்படித் தெரிந்தது? நரம்பில் மின்சேதி போகும் விதத்தை 1952ல் ஹாட்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் அளந்து காட்டினார்கள். 1963ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானிய அறிஞர் டோஷியோ நராஹாஷி, கரப்பானின் பெரிய நரம்பிழையில் அலெத்ரினை இட்டு மின்னழுத்தத்தைப் பதிவுசெய்தார். சேதி போய் முடிந்த பிறகும் நரம்பு அடங்கவில்லை. அழுத்தம் வால்போல நீண்டுகொண்டே போனது. மடை முழுதாக மூடாததுதான் காரணம் என்பது பின்னால் செய்த நுட்பமான அளவீடுகளில் உறுதியானது. இந்த நஞ்சுக்குச் சாகாத வீட்டு ஈக்களிடமிருந்து இன்னொரு சான்று வந்தது: அவற்றின் சோடியம் வாயில் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்ததை 1990களில் கண்டுபிடித்தார்கள். பூட்டு மாறியதும் சாவி செல்லவில்லை.

நாய்க்கும் அதே வாயில்கள்தான் இருக்கின்றன. ஆனாலும் கரப்பான் விழும் அளவில் நாய் விழுவதில்லை. பூச்சியின் வாயிலில் ஒட்டும் அளவுக்கு இந்த நஞ்சு பாலூட்டியின் வாயிலில் ஒட்டுவதில்லை. நாயின் கல்லீரல் இதை வேகமாக உடைத்துவிடுகிறது. மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: உடல் குளிர்ந்திருந்தால் பைரித்ராய்டின் பிடி இறுகும், வெப்பத்தில் தளரும். நாயின் உடல் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். பூச்சிக்குச் சொந்தச் சூடு கிடையாது. இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. ஸ்ப்ரேயோ பொடியோ மேலே பட்ட நாயைக் கழுவும்போது குழாயடியில் குளிர்ந்த நீரை ஊற்றி நடுங்க வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, பிறகு நன்றாகத் துடைத்துக் காயவைப்பது, இது போதும். பூனையின் கதை வேறு. நச்சுகளைச் சர்க்கரை அமிலத்தோடு கோத்து வெளியேற்றும் ஒரு நொதி பூனையின் கல்லீரலில் சரிவர இல்லை. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்வது இதனால்தான்.

பைரித்ராய்டு வாயில் பட்ட நாய் என்ன செய்யும்? எச்சில் ஒழுகும், காதை உதறும், பாதத்தைச் சூடுபட்டாற்போல் தூக்கித் தூக்கி வைக்கும், முகத்தின் தசை துடிக்கும். சாக்பீஸைக் கொஞ்சம் கடித்ததோடு சரி என்றால் பெரும்பாலும் இத்தோடு அடங்கிவிடும். உடம்பு முழுக்க நடுக்கமோ வலிப்போ வந்தால் அது மருத்துவமனை விஷயம். நடுங்கும் தசைகள் உடலைச் சூடேற்றி, அந்தச் சூடே உறுப்புகளைக் கெடுக்கும்.

ஆனால் எச்சில் ஒழுகுவதை வைத்து மட்டும் எதையும் முடிவுசெய்ய முடியாது. கசப்பான எதை நக்கினாலும் நாய்க்கு நுரை தள்ளும். இரண்டாவது கூட்டத்தை இங்கேதான் தெரிந்துகொள்ள வேண்டும். கரையானுக்கு அடிக்கும் குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகளும், புரோபாக்ஸர், கார்போபியூரான் போன்ற கார்பமேட்டுகளும் இதில் சேரும். கிராமத்து வீடுகளில் குருணை மருந்து என்று மூட்டையாகக் கிடப்பதில் கார்போபியூரான் உண்டு. வீடுகளில் நெடுங்காலம் புழங்கிய டைகுளோர்வாஸ் இந்தியாவில் 2020 இறுதியோடு தடைசெய்யப்பட்டது. பழைய பாட்டில்கள் பரணில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

ஒரு நரம்பு முடியும் இடத்துக்கும் தசை தொடங்கும் இடத்துக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. அதை மின்சாரம் தாண்டுவதில்லை, ஒரு வேதிப்பொருள் தாண்டுகிறது. 1921ல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களைத் தனித்தனியே உப்புநீரில் துடிக்கவைத்தார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து, எந்த நரம்பும் தூண்டாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதன் துடிப்பும் குறைந்தது. நரம்பு எதையோ நீரில் சுரந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அந்தப் பொருள் அசெட்டைல்கோலின். வேலை முடிந்த மறுகணமே அதை உடைத்து நிறுத்த ஒரு நொதி இருக்கிறது. கோலினெஸ்டரேஸ் என்பது அதன் பெயர். நமது வாய்க்காலில் இந்த நொதிதான் மண்வெட்டியோடு நின்று மடையை அடைக்கும் நீர்பாய்ச்சி. இரண்டாவது கூட்டத்து நஞ்சு, மடையைத் தொடுவதில்லை. நீர்பாய்ச்சியின் கையைக் கட்டிவிடுகிறது.

அசெட்டைல்கோலின் தேங்கினால் அது ஆளும் சுரப்பிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். கண்ணீர், எச்சில், வாந்தி, அடக்க முடியாத சிறுநீர், வயிற்றுப்போக்கு, கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்குவது, பிறகு தசைத் துடிப்பு. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நுரையீரலில் சேரும் சளி நீரும் சுவாசத் தசைகளின் தளர்ச்சியும். வெறும் கசப்பால் வரும் எச்சில் சற்று நேரத்தில் நிற்கும், நாய் மற்றபடி தெளிவாக இருக்கும். எச்சிலோடு கண்ணும் வயிறும் சேர்ந்து ஒழுகினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இதற்கு மருந்து அட்ரோபின். அது அசெட்டைல்கோலின் போய் உட்காரும் இடத்தை மறித்துக்கொள்கிறது. மருத்துவர்களிடம் ஓர் அழகான சோதனை உண்டு. என்ன நஞ்சு என்று தெரியாதபோது மிகச் சிறிய அளவு அட்ரோபின் போட்டுப் பார்ப்பார்கள். சாதாரண நாய்க்கு அந்த அளவிலேயே இதயம் வேகமெடுக்கும், வாய் உலரும். அப்படி நடந்தால் இந்தக் கூட்டத்து நஞ்சு இல்லை என்று ஓரளவு சொல்லலாம். ஒன்றுமே மாறவில்லை என்றால், அட்ரோபினை அமிழ்த்தும் அளவுக்கு அசெட்டைல்கோலின் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஊமத்தையிலும் அட்ரோபின் இருக்கிறதே என்று யாரும் இலையைப் பிழிந்து ஊற்றிவிட வேண்டாம். செடிக்குச் செடி அளவு மாறும், அதுவே தனி நஞ்சாகிவிடும்.

ஆர்கனோபாஸ்பேட்டுக்கு இன்னொரு ஊசியும் உண்டு, பிராலிடாக்சிம். நொதியின் மேல் ஒட்டிய நஞ்சை உரித்தெடுக்கும். நேரம் கடந்தால் அந்த ஒட்டு இறுகி, உரிக்கவே முடியாததாகிவிடும். கார்பமேட்டோ தானாகவே சில மணி நேரத்தில் கழன்றுகொள்ளும். பொதுவாக இந்த ஊசி தேவைப்படாது. பாக்கெட்டைக் கொண்டுவாருங்கள் என்று மருத்துவர் கெஞ்சுவது இதற்காகத்தான்.

மூன்றாவது, கரப்பான் ஜெல்கள் பலவற்றில் இருக்கும் ஃபிப்ரோனில். வயலில் புகுந்த தண்ணீர் வடிய வடிகால் வேண்டும் அல்லவா? நரம்பின் கிளர்ச்சியைத் தணிக்கும் குளோரைடு வாயில்கள்தான் அந்த வடிகால். ஃபிப்ரோனில் அதை அடைக்கிறது. பூச்சியின் வடிகாலில் இறுக்கமாக, நாயுடையதில் தளர்வாக. இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 20 கிராம் குழாய், லேபிளில் 0.05 சதவீதம் என்றால் அதில் உள்ள ஃபிப்ரோனில் 10 மில்லிகிராம். முழுக் குழாயையும் தின்றது 10 கிலோ நாய் என்றால் கிலோவுக்கு 1 மில்லிகிராம். 2 கிலோ குட்டி என்றால் கிலோவுக்கு 5. எலிகளில் பாதி செத்த அளவு கிலோவுக்குச் சுமார் 97 மில்லிகிராம். ‘பாதிக் கொல்லளவு’ என்ற இந்த அளவுகோலை 1927ல் டிரெவன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தார். அது சாவின் அளவுகோல்; பாதுகாப்பின் எல்லை அல்ல. வலிப்பு அதற்கு வெகு கீழேயே வரலாம், குட்டிக்கும் நோயாளி நாய்க்கும் இன்னும் சீக்கிரம். கணக்கு உங்களைப் பதறாமல் இருக்க வைக்கட்டும். முடிவை மருத்துவர் எடுக்கட்டும். நாயின் பிடரியில் விடும் உண்ணி மருந்திலும் ஃபிப்ரோனில் இருப்பதுண்டு, அது ஜெல்லைப்போல ஏறத்தாழ 200 மடங்கு அடர்த்தி. கடித்துத் தின்றது எந்தக் குழாய் என்று பார்ப்பது அவ்வளவு முக்கியம். பிளாஸ்டிக் டப்பாவோடு விழுங்கியிருந்தால் மருந்தைவிட அந்தப் பிளாஸ்டிக் குடலை அடைப்பதே பெரிய ஆபத்தாகலாம்.

லேபிளில் ஒரு மூலையில் நின்று சாய்ந்த சதுரத்தைக் கவனியுங்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தையொட்டி வந்த விதிகளின்படி, அதன் கீழ் முக்கோணத்தின் நிறம் நஞ்சின் வீரியத்தைச் சொல்லும். சிவப்புதான் மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. லேபிளிலோ உள்ளே வைத்த தாளிலோ மாற்று மருந்தின் பெயரும் அச்சாகியிருக்கும். லேபிளே இல்லாமல் தெருவில் விற்கும் பொடியையும் சாக்பீஸையும் வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான்: ஆபத்து வரும்போது படிக்க அதில் எதுவும் இருக்காது.

வாந்தி எடுக்க வைப்பது பற்றி. தின்று ஓரிரண்டு மணி நேரத்துக்குள், தெளிவாக இருக்கும் நாய்க்கு, மருத்துவர் ஊசி போட்டு வாந்தி வரவழைப்பது பல சமயம் நல்ல சிகிச்சை. ஆனால் கொசுவிரட்டித் திரவத்தில் மருந்து கொஞ்சம்தான், மீதியெல்லாம் வாசனை நீக்கிய மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் நீரைவிட எளிதாகப் பரவும். வயிற்றில் கிடந்தால் பெரிய கெடுதி செய்யாது. வாந்தியில் தொண்டைக்கு ஏறி ஒரு துளி மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் வெந்துவிடும். வலிப்பிலோ மயக்கத்திலோ இருக்கும் நாய்க்கும் வாந்தி இதே ஆபத்துதான். உப்புக் கரைசல் கொடுப்பது இன்னும் மோசம். வாந்தி வராவிட்டால் அந்த உப்பு ரத்தத்தில் ஏறி மூளையைச் சுருக்கிக் கொல்லும். சோப்புத் தண்ணீரும் சாணிக் கரைசலும் மூச்சுக்குழலுக்குத்தான் வழி தேடும். ஹைட்ரஜன் பெராக்சைடு என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அங்கே சொல்லும் அளவு 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடையில் வழக்கமாகக் கிடைப்பது 6 சதவீதம். அப்படியே கொடுத்தால் இரைப்பை புண்ணாகும்.

பாலும் நெய்யும் தேங்காயெண்ணெயும் நஞ்சை முறிக்காது. கொழுப்பில் கரையும் நஞ்சை அவை குடலிலிருந்து ரத்தத்துக்குச் சுமந்துபோகக்கூடும். பாச்சை உருண்டை விஷயத்தில் இது மிகவும் உண்மை. அதிலுள்ள நாப்தலீன் சிவப்பணுக்களை உடைக்கும். சாயங்காலம் நன்றாக இருந்த நாய்க்கு ஓரிரு நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுக்கும். உதட்டைத் தூக்கி ஈற்றைப் பெருவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள்: வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். நாட்டு நாய்களுக்கு ஈறு கறுப்பாக இருந்தால் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

தின்றது பாச்சை உருண்டையா சூடமா என்று தெரியவில்லையா? மிச்சத் துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். சூடம் மிதக்கும், நாப்தலீன் மூழ்கும். இனி கரையாது என்னும் அளவுக்கு அந்தத் தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். நாப்தலீன் மேலே எழும்பும். கழிவறையில் தொங்கவிடும் டைகுளோரோபென்சீன் வில்லை அப்போதும் அடியிலேயே கிடக்கும். அடர்த்தி வேறுபாடுதான், வேறொன்றுமில்லை. ஆனால் இந்த வேறுபாடு உயிர் விஷயம்: சூடம் நிமிடங்களில் வலிப்பைக் கொண்டுவரும் என்பதால் அதற்கு வாந்தி கூடாது, மெதுவாகக் கரையும் நாப்தலீனுக்குச் சற்றுத் தாமதித்தும் வாந்தி பலன் தரலாம்.

மருத்துவமனையில் கறுப்பாகக் குழைத்துக் கொடுப்பது செயலூட்டிய கரி. ஒரு கிராம் கரிக்குள் உள்ள நுண்துளைகளின் மொத்தப் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். நஞ்சு அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டு மலத்தோடு போய்விடும். அடுப்புக்கரிக்கு அந்தத் துளைகள் கிடையாது. எறும்புக்கு வைக்கும் போரிக் அமிலமும் மண்ணெண்ணெயும் செயலூட்டிய கரியிலும் சரிவர ஒட்டாது.

நாயைத் தூக்கும்போது கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள். ஆர்கனோபாஸ்பேட் தின்ற நாயின் வாந்தி உங்கள் தோல் வழியாகவும் இறங்கும். வண்டியின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வலிப்பில் இருந்தால் வாயருகே கை வேண்டாம். தடுப்பூசி போடாத நாய் நுரை தள்ளினால் வெறிநோயும் நினைவில் இருக்கட்டும். புறப்படும் முன் போனில் அட்ரோபின் கையிருப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சின்ன கிளினிக்குகளில் சில ஆம்பூல்கள் மட்டுமே இருக்கும், ஒரு பெரிய நாய்க்கு அது போதாமல் போகலாம்.

நாய் தேறி வீட்டுக்கு வந்த பின்னும் கவனிப்பு முடியவில்லை. ஆர்கனோபாஸ்பேட் தின்ற மனிதர்கள் முதல் நெருக்கடியைத் தாண்டிய பிறகு, 1 முதல் 4 நாளுக்குள் கழுத்தும் தோளும் சுவாசத் தசைகளும் திடீரெனத் தளர்ந்து போவதை, 1987ல் இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் விவரித்தார்கள். ‘இடைநிலைத் தளர்ச்சி’ எனலாம். நாய்களிலும் இது வருவதுண்டு. எச்சில் நின்றிருக்கும், வயிறு அடங்கியிருக்கும், வாலும் ஆடும். ஆனால் தட்டிலிருந்து தலையைத் தூக்கச் சிரமப்படும், முன்னங்கால் மடங்கும், மூச்சு மேலோட்டமாகும். அந்த 4 நாளும் சங்கிலியைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். தலை தொங்குவதைக் கண்டால், நள்ளிரவானாலும், அதே மருத்துவமனைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்.